காம்பு நிற்கும் ஜாடி

எங்கள் வீட்டு மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கும், பச்சைக் காம்புகள் இருக்கும், இலைகள் இருக்கும். பூ மட்டும் இருக்காது. மலாக்காவில், இந்தக் காஜா பெராங்கில் என்னைத் தேடி வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஊரிலிருந்து படிக்கிற உங்களுக்காவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மெர்டேக்கா வந்து, எங்கள் அலுவலகத்துத் துரை கப்பலேறியபோது அவர் மேசை ஜாடி என் பங்குக்கு வந்தது. நாட்டுக்குச் சுதந்திரம், எனக்கு ஜாடி. அதில் துரைசானி வாராவாரம் பூ அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் பூவுக்கு இரண்டே இடம்: சாமி படம், பெண்டாட்டி தலை. பூக்காரி முழம் போட்டுத் தரும் மல்லிகைக்குக் காம்பும் இலையும் இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. ஆனாலும், மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்த அந்த நாட்களில், சனிக்கிழமைதோறும் நானே செண்டு கட்டப் பழகினேன். பூ கொடுத்தவர் பக்கத்து வீட்டு மீனாட்சி மாச்சிக்; அத்தையை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிய தமிழர்களின் கம்போங் செட்டியில் பிறந்தவர்; மாரியம்மனைக் கும்பிடுவார், மலாய்ப் பெண்களைப் போல் கெபாயா சட்டை உடுத்துவார், மலாய்தான் பேசுவார். வந்த புதிதில் பெயரை நம்பி நான் தமிழில் நலம் விசாரித்தேன். ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து, வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். என் முதல் செண்டைச் சந்தைக்குப் போகும் கீரைக்கட்டு என்றார். நானும் அதை மறுக்கவில்லை.

பிறகு ஒருவழியாக என் மனைவி வடிவு கப்பலில் வந்து இறங்கினாள். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன். புடிக்கலேன்னா அடுத்த கப்பல்" என்பது துறைமுகத்திலேயே அவள் போட்ட நிபந்தனை. டிரங்குப் பெட்டியை அவள் திறந்து அடுக்கவில்லை. அன்றைக்கு வேண்டிய சேலையை உருவுவாள், பூட்டிவிடுவாள். பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாடை பிடிக்கவில்லை. சொல்லாமல் வரும் மழை பிடிக்கவில்லை. விடிந்தால் வாசலில் பூக்காரி குரல் கேட்காதது அறவே பிடிக்கவில்லை. மாலையில் வீடு திரும்பியதும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பூட்டைத்தான். அது தொங்கிக்கொண்டிருக்கும், என் குடும்ப வாழ்க்கையும்தான்.

கடைசி முயற்சியாக ஒரு சனிக்கிழமை, கற்ற வித்தை மொத்தத்தையும் ஜாடியில் இறக்கினேன். பின்னால் சம்பங்கி, நடுவில் ரோஜா, முன்னால் மல்லிகைக் கொத்து, ஓரத்தில் வாசனைக்குப் பாண்டான் இலை. துரைசானி பார்த்திருந்தால் கப்பலைத் திருப்பச் சொல்லியிருப்பார். வடிவு ஒருமுறை பார்த்தாள். நான் மீன் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஜாடியில் ஒரு பூ இல்லை. மொட்டைக் காம்புகள் பாண்டான் இலையோடு நின்றன. வடிவு தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் நூலை மாட்டி, கடைசி ரோஜாவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பூவைத் தண்ணியில நிக்க வச்சிருக்கீங்களே, அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

"நூல் ஏது?" என்றேன்.

"பெட்டியில. அடியில கெடந்துச்சு."

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டி வாய் திறந்து காலியாகக் கிடந்தது. சேலைகள் கொடியில் தொங்கின. விளக்கு அலமாரியில் ஏறியிருந்தது. மீன் பையோடு அப்படியே நின்றேன். ஏதாவது கேட்டால் திரும்பப் பெட்டியில் அடுக்கிவிடுவாளோ என்று பயந்து, மீன் விலையைப் பற்றிப் பேசினேன்.

அந்த நேரம் பார்த்து மாச்சிக் வந்தார். ஜாடியைச் சுற்றி வந்து, "சாந்தேக்!" என்றார். இந்தியாவில் இதுதான் இப்போது நாகரிகமா என்று என்னிடம் விசாரித்தார்.

"என்ன சொல்றாங்க?"

"அழகா இருக்காம்."

"பூவா?"

"காம்பு."

கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் வடிவு சிரித்தாள். சரத்தில் ஒரு முழம் நறுக்கி நீட்டினாள். மாச்சிக் வாங்கித் தன் கொண்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் வெகுநேரம் பேசினார்கள். என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

பெட்டியில் இப்போது அரிசி இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நான் செண்டு அடுக்குகிறேன். மாலைக்குள் அவள் கொய்துவிடுகிறாள். பூ அந்த ஊர் வழக்கப்படி அவள் தலையில். காம்பு இந்த ஊர் வழக்கப்படி ஜாடியில். நடுவில் நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.