வண்டி தண்ணியில நின்னுச்சா?

போன வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். மறுபடி 'டிக்'.

பக்கத்து சீட்டில் எங்க வீட்டு சார் — ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், என்னோட முப்பத்தொரு வருஷமாக் குப்பை கொட்டுறவர் — மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோட உட்கார்ந்திருந்தார். வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், எட்டு மணிக்கு அவருக்கு திருநெல்வேலியில டயாலிஸிஸ். நாங்க இருக்கிறது ஆழ்வார்குறிச்சி. ஒன்றரை மணி நேர ஓட்டம். லேட்டாப் போனா பெட் அடுத்த ஆளுக்குப் போயிடும்.

"வாடகைக் காருக்குப் போன் போடு"ன்னார், அமைதியா. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கென்ன கவலை? வாரண்டி இருக்குல்லா?"ன்னார்.

இருக்கு. எக்ஸ்டெண்டட் வாரண்டி. பதினாலு பக்கம். அதுல ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். அதனாலதான் எனக்குக் கவலையே.

ஏன்னு சொல்றேன். அதுக்கு மூணு வாரம் பின்னால போகணும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவங்களுக்கு என் குணம் தெரியும். கத்தரிக்காயைக் காம்பைக் கிள்ளிப் பார்க்காம வாங்க மாட்டேன். டவுண்ல அல்வாக் கடையில தராசு முள்ளைக் குனிஞ்சு பார்க்கிற ஒரே ஆள் நான்தான்னு எங்க வீட்டு சார் ஊர் பூரா சொல்லி வச்சிருக்கார். சொல்லட்டுமே! முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்து, பிள்ளைகள் 'நோட்டை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன் டீச்சர்'னு சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு வந்த குணம் இது. சும்மா போகுமா?

டயாலிஸிஸ் ஆரம்பிச்ச ஆறு மாசமா வாடகைக் கார்தான். போகும்போது பரவாயில்ல. திரும்பும்போது இவர் துவண்டு போய்க் கிடப்பார். அந்த நேரம் பார்த்து டிரைவர் 'வழியில ஒரு சவாரியை ஏத்திக்கிடட்டுமா'ன்னு கேப்பார். அப்படி ஒரு நாள்தான் முடிவு பண்ணினேன்... சொந்தமா ஒரு வண்டி. புதுசுக்கு வழியில்ல. பழசுதான்.

பழைய கார்! நான் எப்பேர்ப்பட்ட ஆள், எப்பேர்ப்பட்ட பொருள் வாங்கப் போறேன் பாருங்க.

எங்க பக்கத்துல அந்தப் பெருவெள்ளம் வந்துபோன பிறகு, பழைய கார் வாங்கப் போறவங்க மைலேஜை அப்புறம்தான் கேப்பாங்க. முதல் கேள்வி, 'வண்டி தண்ணியில நின்னுச்சா?' வெளியே பளபளன்னு பாலிஷ் போட்டு, உள்ளே சேறு காய்ஞ்ச வண்டிகள் எத்தனையோ கைமாறிடுச்சுன்னு பேச்சு. அதனால, மேலப்பாளையம் போற வழியில காதர் பாயோட யார்டுக்குள்ள காலை வைக்கும்போதே நான் ஒரு தயாரிப்போடதான் போனேன்.

காதர் பாய் வளைகுடாவுல இருபது வருஷம் இருந்துட்டு வந்து பழைய கார் யாவாரம் பண்றவர். வெள்ளைச் சட்டை. மெதுவான பேச்சு. மெதுவாப் பேசுற வியாபாரியைப் பார்த்தாலே எனக்கு முதல் மணி அடிச்சிடும்.

அவர் காட்டினது ஒரு சாம்பல் நிறக் கார். ஆறு வயசு. நான் டோர் மேட்டைத் தூக்கி மோந்து பார்த்தேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, அடியில சேத்துக் கோடு இருக்கான்னு பார்த்தேன். ஸ்டெப்னியைக் கழட்டச் சொல்லி, அந்தப் பள்ளத்துல விரலை விட்டுத் தடவினேன். எங்க வீட்டு சார் யார்டு வாசல்ல இருந்த நாற்காலியில உட்கார்ந்து, தனக்கும் இந்தம்மாவுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

ஒண்ணும் கிடைக்கல. கிடைக்காததுதான் என் சந்தேகத்தை ஜாஸ்தியாக்குச்சு. இவ்வளவு சுத்தமா எப்படி ஒரு பழைய கார் இருக்கும்?

"தண்ணியில நின்ன வண்டியை நான் விக்க மாட்டேன் டீச்சர். மறைச்சு வித்தா அந்தக் காசு எனக்கு ஹராம்"ன்னார் பாய். வேணும்னா பழைய ஓனர்கிட்டயே கேளுங்கன்னு சொல்லி, நான் கேக்கிறதுக்கு முன்னாலயே நம்பரையும் குடுத்தார்.

கேக்காமயே குடுக்கிறாரே... ரெண்டு பேரும் பேசி வச்சிருப்பாங்களோ?

பழைய ஓனர் சாத்தான்குளத்துக்காரர், ஹார்டுவேர் கடை வச்சிருக்கிறவர். போன் போட்டேன். என்னை அறிமுகப்படுத்திக்கிற பொறுமை எனக்கு இல்ல. "அண்ணாச்சி, சுத்தி வளைக்காமக் கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். தண்ணி உண்டா?"ன்னேன்.

அண்ணாச்சி குரல் உசந்துடுச்சு.

"யாரும்மா நீ? எனக்கு அறுபத்திரெண்டு வயசாவுது. இந்த வாழ்க்கையில நான் தண்ணியே தொட்டதில்ல. எந்தப் பய உன்கிட்ட சொன்னான்?"

ஐயோ! நான் காரைப் பத்திக் கேக்கேன் அண்ணாச்சின்னு விளக்குறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு. அப்புறம் அவரே சிரிச்சார். வெள்ளத்தன்னிக்கு வண்டி மதுரையில மகள் வீட்டு வாசல்ல நின்னுச்சுன்னார். சட்டுனு சொன்னார். இவ்வளவு சட்டுனு ஒருத்தர் பதில் சொல்றார்னா... சரி, விடுங்க. எனக்கே அலுத்துப்போச்சு. வண்டியை எடுத்துக்கிடலாம்னு முடிவு பண்ணினேன்.

அப்பத்தான் பாய் அடுத்த காகிதத்தை நீட்டினார். ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி. அவர் குடுக்கிறதில்ல, வெளியூர் கம்பெனி ஒண்ணு குடுக்கிறது. பதினெட்டாயிரம்.

பார்த்தீங்களா... வந்துட்டாங்களா வழிக்கு?

வண்டி நல்ல வண்டின்னா வாரண்டி எதுக்கு? வாரண்டி வேணும்னா வண்டி எப்படி நல்ல வண்டி? இதை நான் பாய்கிட்டயே கேட்டேன். அவர் சிரிச்சாரே தவிர பதில் சொல்லல. பதில் இல்லாத இடத்துலதான் விஷயம் இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பதினாலு பக்கத்தையும் அங்கனயே உட்கார்ந்து படிச்சேன். கசகசா சைஸ் எழுத்து. டயர் வராது. பேட்டரி வராது. கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, பெல்ட், பல்பு எதுவும் வராது. 'இது வராது, அது வராது'ன்னு மூணு பக்கம். பின்ன என்னதான் வரும்னு கேட்டேன். இஞ்சின், கியர் பாக்ஸ், ஏசி கம்ப்ரஸர், வண்டியை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார்னு பாய் பொறுமையா வாசிச்சுக் காட்டினார்.

பதினொண்ணாம் பக்கத்துல ஒரு வரி. 'வாகனம் நீரில் நின்றாலோ, இறக்கப்பட்டாலோ, மூழ்கினாலோ ஏற்படும் பழுதுகளுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது.'

பிடிச்சேன் பாருங்க! அதை வச்சு ஒரு மணி நேரம் வாதாடினேன். தண்ணிக்கு மட்டும் ஏன் வாரண்டி இல்ல? அப்ப இந்த வண்டியில தண்ணி விஷயம் ஏதோ இருக்கு, அதைக் கம்பெனிக்காரன் தெரிஞ்சு வச்சிருக்கான், நீங்களும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க... நான் குரலை உசத்தினதுல டீ கொண்டு வந்தவர் வாசல்லயே நின்னுட்டார். இந்த வரி எல்லாருக்கும் உள்ளதுதான் டீச்சர், ஒங்க வண்டிக்குன்னு எழுதினதில்லன்னு பாய் மூணு தடவை சொன்னார். மூணு தடவை சொன்னதும் எனக்குப் பிடிக்கல.

வேண்டாம்னு எந்திரிச்சுட்டேன்.

அதுவரைக்கும் வாயைத் திறக்காத எங்க வீட்டு சார் அப்பத்தான் பேசினார். "ஏட்டி, முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு நாள் மெடிக்கல் லீவு போட்டதில்ல. கிட்னி போவும்னு யாரு கண்டா? வாங்கித் தொலை. நடு ரோட்டுல நின்னா என்னால நடக்க முடியாது."

அதுக்கு மேல என்ன பேச? கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு வண்டியை எடுத்துக்கிட்டு ஊருக்குத் திரும்பினோம். நான்தான் ஓட்டினேன். சேரன்மகாதேவி தாண்டி வலது பக்கம் ஆறு தெரிஞ்சது. இவர் சொன்னார், "சக்கரத்த நனைச்சுக்கிடுவோமா?"

எங்க ரெண்டு வீட்டுலயும் இது ஒரு பழக்கம். எந்த வண்டி வாங்கினாலும், வீட்டு வாசலுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னால தாமிரபரணியில இறக்கி நாலு சக்கரத்தையும் நனைச்சாகணும். அப்புறம்தான் எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம். எங்க அண்ணன் டிராக்டரும் நனைஞ்சது, என் ஸ்கூட்டியும் நனைஞ்சது. நனைக்காத வண்டி எங்க கணக்குல சொந்த வண்டியே இல்ல.

லோடு ஆட்டோ கழுவுற சரிவு வழியா பைய இறக்கினேன். முன் சக்கரம் நனைஞ்சது. பின் சக்கரம் நனையணும்ல? இன்னும் கொஞ்சம் முன்னால விட்டேன். மணல்ல பொதுக்குன்னு இறங்கிடுச்சு. பம்பர் வரைக்கும் தண்ணி. ஆட்டோ கழுவிக்கிட்டிருந்த ரெண்டு பேர் வந்து தள்ளி ஏத்த அரை மணி நேரம் ஆச்சு.

அந்த அரை மணி நேரமும் இவர் ஜன்னல் வழியாக் கையை விட்டு ஆத்துத் தண்ணியை அள்ளி பானட் மேல தெளிச்சுக்கிட்டே சிரிச்சார். ஆறு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் அவர் சிரிச்சுப் பார்த்தேன். நானும் சிரிச்சேன். பதினொண்ணாம் பக்கம் எனக்கு ஞாபகமே வரல... சத்தியமா வரல. வீட்டுக்கு வந்து, ஆரத்தி எடுத்து, காபி போடும்போதுதான் வந்துச்சு. கையில இருந்த டம்ளரை அப்படியே வச்சுட்டேன்.

தண்ணிக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டவ, நேரா ஓட்டிக்கிட்டுப் போய் ஆத்துல விட்டுருக்கேன்! இவர்கிட்ட மட்டும், 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னேன்.

இப்ப அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வாடகைக் காரைப் பிடிச்சு ஓடினோம். முக்கால் மணி நேரம் லேட். பெட் போயிடுச்சு. அடுத்த பெட் காலியாக மதியம் ஆச்சு. அதுவரைக்கும் இவர் வராந்தா பெஞ்சுல கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு பாயோட யார்டுக்குப் போனோம். மெக்கானிக் அடியில படுத்துப் பார்த்துட்டு, செல்ஃப் மோட்டார் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு, தண்ணி ஏறின மாதிரி இருக்குன்னார். பாய் வாரண்டி க்ளெய்ம் ஃபாரத்தை எடுத்தார். பேர், வண்டி நம்பர், பழுது எல்லாம் எழுதினார். நாலாவது கேள்வியில பேனா நின்னுச்சு.

"வண்டி தண்ணியில நின்னுச்சான்னு ஒரு கேள்வி இருக்கு டீச்சர். நீங்க என்ன சொல்லுதியளோ அதை எழுதிக்கிடுதேன்."

அவ்வளவுதான் சொன்னார். வண்டிக்குள்ள குனிஞ்சு பார்க்கல. மேட்டைத் தூக்கி மோந்து பார்க்கல. ஆழ்வார்குறிச்சியில யாருக்கும் போன் போட்டுக் கேக்கல. பேனாவைப் பிடிச்சபடி என் முகத்தைப் பார்த்தார்.

நான் எங்க வீட்டு சாரைப் பார்த்தேன். அவர் மேல ஓடுற ஃபேனைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"மழையில..."ன்னு ஆரம்பிச்சேன். மூணு வாரமா எங்க ஊர்ல ஒரு பொட்டு மழை கிடையாது. பாய் 'மழை'ன்னு எழுதவே ஆரம்பிச்சுட்டார். நான் சொன்னதை அப்படியே! எனக்கு வெட்கமாப் போச்சு. நோட்டை வீட்டுல வச்சுட்டு வந்த பிள்ளைகள் என் முன்னால எப்படி நின்னிருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

"எழுதாதீங்க பாய். ஆத்துல இறக்குனேன். நான்தான் இறக்குனேன்."

பாய் பேனாவை மூடினார். எழுதினதை அடிச்சார். க்ளெய்ம் கிடையாது. செல்ஃப் மோட்டார் செலவு எங்க தலையில. செவ்வாய்க்கிழமைக்குள்ள வண்டியைத் தயார் பண்ணித் தந்துடுதேன், ஆஸ்பத்திரிக்குப் போகணும்லான்னு மட்டும் சொன்னார். சொன்னபடி தந்தார்.

அவருக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சேதான் கேட்டிருப்பாரோ? பாருங்க, புத்தி இன்னும் அங்கனயே நிக்குது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போயிட்டோம். திரும்பி வரும்போது, அசதியில கண்ணை மூடினபடியே இவர் சொன்னார். "அந்த மனுசன் உன்னைய மறு கேள்வி கேக்காம நம்பிட்டாருல்லா... அதான் மாட்டிக்கிட்ட."

அதுலேருந்து ஒரே யோசனைதான். என்னிக்காவது இந்தக் காரை நான் விப்பேன். அன்னிக்கு என்னை மாதிரியே ஒருத்தி போன் போட்டு, 'மறைக்காமச் சொல்லணும், தண்ணி உண்டா?'ன்னு கேப்பா. என்ன சொல்றதுன்னு இப்பவே முடிவு பண்ணிட்டேன்...

"இந்த வாழ்க்கையில நான் தண்ணியே தொட்டதில்லம்மா. வண்டியைப் பத்திக் கேக்கிறதா இருந்தா, அது தொட்டிருக்கு."