எழுப்பிவிட்டுத்தான் படம்

கிஜிமாவின் முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் இதுவரை எதையும் மாட்டியதில்லை. நாற்காலியில் உட்காருகிறவர்கள் கண்ணாடிக்குள் அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே முடி வெட்டிக்கொள்வார்கள். அந்த ஆணியை அடித்தவள் அவருடைய மனைவி சாயெ.

"மூணு அடுக்கும் ஒரே படத்துல விழுந்தா இங்க மாட்டுங்க. அதுவரைக்கும் காலண்டர்கூட மாட்டக் கூடாது" என்று சொல்லியிருந்தாள்.

அகித்தா மலைப்பக்கத்தில் மூன்று அடுக்கு என்றால் எல்லாருக்கும் தெரியும். உச்சியில் முதல் பனி, நடுவில் சிவந்த மேப்பிள், அடியில் பச்சை மாறாத தேவதாரு. பனி முந்தினால் இலை சிவந்திருக்காது, பிந்தினால் உதிர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தாலும் மேகம் விலக வேண்டும், அடிவாரக் குளத்தில் பிம்பம் விழக் காற்று அடங்க வேண்டும். தெய்வம் மனசு வைத்தால்தான் உண்டு. அப்படி மனசு வைக்கிற நாள் திங்கட்கிழமையாகவும் இருக்க வேண்டும். முடிதிருத்தும் கடைகளுக்கு அன்றுதான் விடுமுறை.

"உன் மலைக்குக் கிழமை தெரியலப்பா. நல்லா வர்றதெல்லாம் செவ்வாக்கிழமையாவே இருக்கு" என்று நுமாதா சோப்பு நுரைக்குள்ளிருந்து சீண்டுவார். ஓய்வுபெற்ற தபால்காரர், அவரும் படம் எடுக்கிறவர்.

"தாடையை அசைக்காதீங்க நுமாதா-சான். அப்புறம் நான் பொறுப்பில்ல."

இலையுதிர் காலத்துத் திங்கட்கிழமைதோறும் விடியுமுன் கிஜிமாவும் சாயெயும் குளத்துக்குப் போவார்கள். சாயெ காரிலேயே போர்வைக்குள் தூங்குவாள். ஒருமுறை நல்ல வெளிச்சம் வந்தபோது அவர் படத்தை எடுத்துவிட்டுத்தான் அவளை எழுப்பினார். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

"படத்தை எப்ப வேணா பாத்துக்கலாம். மலையை நான் எப்பங்க பாக்கறது?" என்றாள். அன்றிலிருந்து எழுப்பிவிட்டுத்தான் படம் என்று ஆயிற்று.

இந்த வசந்தத்தில், கூரைப் பனி உருகிக்கொண்டிருந்தபோது, சாயெ போய்விட்டாள்.

இலை சிவக்கத் தொடங்கியதிலிருந்து கிஜிமா கொல்லைப்புறத்தில் நின்று உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மழை விட்ட கையோடு குளிர் இறங்கியது. மேலே பனிதான் விழுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் செவ்வாய். பரவாயில்லை என்று கடையில் விடுமுறைப் பலகையைத் தொங்கவிட்டார். விடியுமுன் எழுந்து வீட்டுச் சாமிமாடத்தில் அவள் படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றி, "இன்னைக்கு வரும்போலருக்கு" என்றார். சோற்று உருண்டைகளைக் கட்டும்போது, கை தன்பாட்டில் அவளுக்குப் பிடித்த ஊறுகாய்ப் பிளம்ஸ் வைத்து ஒன்றைக் கூடுதலாகப் பிடித்தது.

குளக்கரையில் நுமாதா ஏற்கெனவே கேமரா ஸ்டாண்டை நட்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை கடையை மூடிட்டியா? ஊர்ல பாதிப் பேரு கரடி மாதிரி அலையப் போறாங்க."

"நீங்கதான் ஏற்கெனவே அப்படி இருக்கீங்களே."

விடிந்தும் மலை தெரியவில்லை. சாம்பல் மேகம் அசையாமல் கிடந்தது. நுமாதா தேநீரைக் குடித்து முடித்து, போகலாமா என்று முனகினார். கிஜிமா அசையவில்லை. திடீரென்று காற்று நின்றது. மேகம் இரண்டாகப் பிளந்தது. வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றும் மலையில் நின்றன, தலைகீழாகக் குளத்திலும் நின்றன.

கிஜிமாவின் விரல் பொத்தான்மேல் இருந்தது. மறுகணம் அவர் கேமராவை விட்டுவிட்டுக் காரை நோக்கி ஓடினார்.

"சாயெ, எந்திரி. வந்திருச்சு." கதவைத் திறந்தார்.

இருக்கையில் போர்வை மடித்தபடியே இருந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ, திரும்பி வந்தபோது மலை இல்லை.

"எங்கய்யா ஓடினே? இவ்வளவு வருஷம் காத்திருந்துட்டு?"

"எழுப்பப் போனேன்."

நுமாதா சுத்தமாக இருந்த லென்சை மீண்டும் துடைத்தார். பிறகு மெதுவாக, "நான் எடுத்திருக்கேன். ஒண்ணு தரேன், மாட்டிக்க" என்றார்.

"வேணாங்க. அவ கண்டுபிடிச்சிருவா. நீங்க எப்பவும் குளத்தைப் பாதியில வெட்டிருவீங்க."

"கத்தரிக்கோல் கையில மட்டுமில்ல, உன் வாயிலயும் இருக்கு" என்ற நுமாதா அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிஜிமா அந்தப் பிளம்ஸ் உருண்டையைச் சாமிமாடத்தில் வைத்து மணியைத் தட்டினார்.

"வந்துச்சு சாயெ. நல்லா இருந்துச்சு. நான் எழுப்ப வந்தேன்..." கைகூப்பியபடியே இருந்தார். ஊதுபத்தி பாதி எரிந்த பிறகு, "அடுத்த வருஷமும் எழுப்பிட்டுத்தான் எடுப்பேன்" என்றார்.

மறுநாள் காலை ஆணிமேல் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, கடையைத் திறந்தார்.