இரண்டு ஜீப்பும் இரண்டு காதும்

என் இடது காதின் துளை, வலது காதின் துளையைவிட ஒரு நெல்லளவு தாழ்ந்திருக்கும். சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் அதைப் பார்த்து முகம் சுளிப்பேன். அது எப்படி வந்தது என்பது நினைவுக்கு வந்ததும் சுளிப்பு போய்விடும். காரணம் இரண்டு பழைய ஜீப்புகள்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இருவர். மூத்த மாமா எங்களைப் போல அருப்புக்கோட்டையில் இருந்தார், பருத்தி வியாபாரம். இளைய மாமா பாலவனத்தத்தில் இருந்தார்; அவருக்கும் அதே வியாபாரம். தாத்தா வெட்டிய கிணற்றில் யாருக்கு என்றைக்குத் தண்ணீர் என்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. மூத்தவர் மதுரை ஏலத்தில் ஒரு ஜீப்பு எடுத்தார். அது தெரிந்ததும் அடுத்த ஏலத்தில் இளையவர் ஒன்று எடுத்தார். வண்டியோடு ஒரு குவியல் உதிரிச் சாமானையும் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் என்ன இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

மூத்த மாமாவின் குவியலில் நல்ல கியர் பெட்டி ஒன்று உபரியாகக் கிடந்தது. ஆனால் அவர் வண்டியில் ரேடியேட்டர் ஒழுகியது. இளைய மாமாவின் குவியலில் நல்ல ரேடியேட்டர் இருந்தது. அவர் வண்டியிலோ கியர் பெட்டி பழுது. மூத்த மாமா எங்கே புறப்பட்டாலும் பின்னால் நான்கு குடம் தண்ணீரும் புறப்படும். அதுவும் போதாமல், வழியில் கிணற்றடிகளில் நிறுத்திக் கேட்பார். "மாடு குடிக்கவே தண்ணியக் காணோம், இந்த இரும்புக் கழுதைக்கு வேறயா?" என்று பெண்கள் ஏசுவார்கள். இளைய மாமாவின் வண்டி இரண்டாவது கியரில் நிற்காது. பக்கத்தில் உட்காருகிறவர் கியர்க் கம்பியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அவரோடு டவுனுக்கு வந்தவர்கள் திரும்பும்போது பஸ்ஸில் போனார்கள்.

ஒருவரிடம் இருப்பது என்ன என்று மற்றவருக்கு நன்றாகத் தெரியும். "அவன் வந்து கேக்கட்டும்" என்பார் மூத்தவர். "அவுக கேட்டா நான் இல்லன்னா சொல்லப்போறேன்?" என்பார் இளையவர். கேட்கத்தான் ஆளில்லை. பட்டாளத்து ஜீப்புக்குச் சாவி கிடையாது. ஒரு திருகைத் திருப்பினால் போதும், யார் வேண்டுமானாலும் கிளப்பிக்கொண்டு போகலாம். ஆகவே அண்ணன் தம்பியை நினைத்தும், தம்பி அண்ணனை நினைத்தும், ஆளுக்கொரு சாவிப்பூட்டு வாங்கி வண்டியில் பொருத்திக்கொண்டார்கள்.

இதற்கிடையே என் காது அப்படியே இருந்தது. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது. "அவன் வந்தா நான் வரல" என்று மூத்தவர் சொன்னார். இளையவரும் அதையே மரியாதையாகச் சொன்னார். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது என்பதால் மூன்று போயிற்று, ஐந்தும் போயிற்று. எனக்கு ஏழு நடந்தபோது அப்பா, "இனி இவன் கல்யாணத்துலதான் காது குத்தணும் போல" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஒரு மாமனை மட்டும் வைத்துக் காது குத்தினால் மற்றவரோடு உறவு அன்றோடு அறுந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு அவள் மாமாக்களைக் கேட்கவில்லை, ஜீப்புகளைக் கேட்டாள். குலசாமி கோயில் திருச்சுழிக்கு அப்பால் கரிசல் காட்டுக்குள் இருந்தது, பஸ் போகாது. "சனங்க போக வண்டி வேணும்ண்ணே. முந்தின நாளே அனுப்பிருங்க. சும்மா கெடக்குற அந்தச் சாமானையும் ஏத்தி விடுங்க, நம்ம மெக்கானிக் தொடச்சு எண்ணெய் போட்டு வைப்பாரு" என்று இரண்டு வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எதற்கு என்று இருவருமே கேட்கவில்லை. வண்டிகளை அவரவரே வெவ்வேறு நேரத்தில் ஓட்டிவந்து விட்டுப் போனார்கள். சாவிகள் மட்டும் திரும்பிப் போயின.

அப்பா வேலை பார்த்துவந்த பஞ்சாலையில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் இரண்டு வண்டியையும் எங்கள் கொல்லையில் நிறுத்திப் பிரித்தார். ரேடியேட்டர் இங்கே வந்தது, கியர் பெட்டி அங்கே போனது. அன்று முழுக்க நான் கழற்றிப் போட்ட திருகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மாட்டிய பிறகு மூன்று மிஞ்சியது எனக்குப் பெரிய கவலை.

மறுநாள் காலையில் இரண்டு மாமாக்களும் வந்தார்கள். தன் வண்டியை அடுத்தவன் ஓட்ட விடுவார்களா? ஒருவர் வேப்பமரத்தையும் இன்னொருவர் மாட்டுக் கொட்டகையையும் பார்த்தபடி ஏறி உட்கார்ந்தார்கள். மூத்தவர் சாவி போட்டார், திரும்பவில்லை. இளையவர் போட்டார், அதுவும் திரும்பவில்லை.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?" என்று மூத்தவர் கத்தினார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "பிரிச்சுக் கோத்ததுல பூட்டு மாறிப்போச்சு மொதலாளி. இப்பத் திரும்பப் பிரிச்சா நல்ல நேரம் போயிரும். சாவிய மாத்திக்கிட்டா ஓடும்."

கியர் பெட்டி காலடியில் இருக்கும், ரேடியேட்டர் மூக்கில் இருக்கும், பூட்டு இருப்பது ஓட்டுகிறவரின் முகத்துக்கு எதிரே. அவற்றை மாற்றப் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. இது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

சாவியை மாற்ற வேண்டும். ஆனால் கைக்குக் கை கொடுக்க மனம் வரவில்லை. இருவரும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு நடுவில் நின்றேன். ஒரே கடைச் சாவிகள் போலிருக்கிறது, அச்சாக ஒன்றுபோல இருந்தன. எது எவருடையது என்று குழம்பி, கடைசியில் அவரவர் சாவியை அவரவரிடமே கொடுத்துவிட்டேன். மறுபடி போட்டார்கள். மறுபடி திரும்பவில்லை.

இளைய மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, மருமகனை நம்பினா இன்னிக்குக் கோயிலுக்கு நடந்துதான் போகணும்."

"இவனும் நம்ம வகையறாதான்லே" என்றார் மூத்தவர். சொன்ன பிறகுதான் தம்பியிடம் பேசிவிட்டது அவருக்கே தெரிந்தது. இறங்கிப் போய்ச் சாவியை நீட்டினார். இளையவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தார்.

கோயிலில் மூத்த மாமா மடியில் என்னை உட்கார வைத்தார்கள். ஆசாரி வலது காதில் குத்தினார். நான் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் கலைந்தன. சீர்த் தட்டோடு இளைய மாமா ஓரமாகவே நின்றிருந்தார்.

"ஏலே, இன்னொரு காது இருக்குல்ல? அங்க என்ன வேடிக்கை? வா, உக்காரு" என்றார் மூத்தவர்.

இளைய மாமா நெட்டை, மடியும் உயரம். ஆசாரி கையை உயர்த்தாமல் பழைய இடத்திலேயே குத்திவிட்டார். நெல்லளவு வித்தியாசம் அப்படி வந்தது. என் கூச்சலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வலிக்கிறதே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

பந்தியில் எனக்கு நேர் எதிரே மெக்கானிக் உட்கார்ந்தார். என் இலையில் நான்கு கறித்துண்டு. அவர் இலையில் ஒன்பது. எல்லாம் அம்மா கையால் போட்டது. மூத்த மாமா எல்லோருக்கும் கேட்கும்படி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "கண்ணு தெரியலன்னா பூட்டுல எதுக்குய்யா கை வைக்கிற?" எட்டு மாதமாகத் தினமும் மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியவர் மாமா, அந்த வண்டியில் எது எங்கே இருக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? திட்டி முடித்ததும், "இவுக இலைக்கு இன்னும் ரெண்டு வையாத்தா" என்று அம்மாவிடம் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தப்புப் பண்ணுனவருக்குப் பதினொண்ணு, காது குத்துன எனக்கு நாலா?" என்று கேட்டேன்.

பந்தியே சிரித்தது. மெக்கானிக் மட்டும் இலையைவிட்டு நிமிரவில்லை. அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல், கோபத்தில் நான் அந்த நான்கையும் தின்னாமல் எழுந்துவிட்டேன்.