வீரக்குட்டி அங்கிள் அடித்த கார்ட்

வீரக்குட்டி அங்கிள் தன் வாழ்நாளில் ஒரு நாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு கனடாவின் மொன்றியலில் இறங்கி, அங்கே சில வருடம் பெட்டி மடித்து, பிறகு ஸ்காபரோவுக்கு வந்து தயிர்க் கோப்பை செய்யும் பிளாஸ்ரிக் ஆலையில் ஓய்வு பெறும்வரை நின்றவர். பனி முழங்கால்வரை கொட்டிய நாளிலும் முதல் பஸ்ஸில் போய், கதவு திறக்கும்வரை வெளியில் காத்து நின்றாராம். ஆனால் ஆலையில் அவருக்குப் பெயர் வந்தது அதற்காக அல்ல. பிந்தி வருகிறவர்களின் கார்டையும் அவர்தான் அடித்துவிடுவார். வாசலில் ஒரு மணிக்கூட்டுப் பெட்டி இருந்தது. அட்டையை அதற்குள் செருகினால் வந்த நேரம் பதியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவன் பிந்துவான், பஸ்ஸைத் தவறவிட்டு இன்னொருத்தி ஓடி வருவாள். அவர்கள் வந்து சேர முன்னமே அவர்களுடைய அட்டைகள் நேரத்துக்கு அடிபட்டு, அடுக்கில் நல்ல பிள்ளைகளாக நிற்கும்.

“களவெல்லோ அங்கிள் இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்ன களவு? ஆள் வரத்தானே போகுது. வாற ஆளை வரேல்லையெண்டு எழுதினாத்தான் புள்ள களவு.”

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இந்த வருடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் மயூரி. அங்கிள் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறவள். படிக்கவென்று வந்து, படிப்பை முடித்து, ஒரு மருந்துக்கடையில் காலையிலிருந்து மாலைவரை கால் கடுக்க நிற்கிறேன். ஒக்ரோபரில் என் வேர்க் பெர்மிட் முடிய இருந்தது. அதற்குள் பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாக இங்கே இருக்க, அழைப்பு வராவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆங்கிலத்தில் எடுத்த புள்ளி காணாது, பிரெஞ்சுப் பரீட்சையில் நல்ல புள்ளி எடு, அழைப்புத் தானாக வரும் என்றார்கள். இப்போது ஸ்காபரோ பஸ்களில் என் வயதுக்காரர் பாதிப்பேர் பிரெஞ்சு வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்தேன்.

வகுப்புக்குப் போக நேரம் ஏது? லூமி என்றொரு செயலியை என் டப்லெட்டில் போட்டுக்கொண்டேன். அதற்கு மூளை இருக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். ஒருவர் இலக்கணத்தில் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்த்து, தெரிந்ததை விட்டுவிட்டு, தெரியாததைத் திரும்பத் திரும்பத் தருமாம். பேஸ்மென்டில் வைஃபை செத்த பிணம். அதனால் கோணேஸ்வரி அன்ரி, அங்கிளின் மனைவி, மேலே தங்கள் குசினியிலேயே டப்லெட்டை வைக்கச் சொன்னார். அது மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். மாலையில் வேலையால் வந்து, அன்ரி தரும் தேத்தண்ணியோடு அந்த மேசையில் இருந்து படிப்பேன்.

“உது என்ன படிப்பு மகள்?” என்று அங்கிள் முதல் நாளே கேட்டார்.

“இமிக்ரேசனுக்கு அங்கிள். இது சரிவந்தாத்தான் நான் இஞ்ச நிக்கலாம்.”

அவர் முகம் இறுகிவிட்டது. டப்லெட்டைச் சுற்றி இருந்த வெங்காயக் கூடையையும் பாண் பெட்டியையும் தூரத் தள்ளி வைத்தார். என்ன அக்கறை என்று நினைத்து உருகிப்போனேன், மடைச்சி.

ஒரு மாதமாகியும் லூமியின் போக்கு எனக்குப் பிடிபடவில்லை. இறந்தகாலம் பற்றி நாலைந்து பாடம் தந்தது, நான் அரைகுறையாகத்தான் செய்தேன், அடுத்த நாள் பார்த்தால் ‘இதில் நீங்கள் தேர்ந்துவிட்டீர்கள்’ என்று பச்சை காட்டியது. இவ்வளவுதான் போல என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக மரியாதையைப் பிடித்துக்கொண்டது. தயவுசெய்து சொல்வீர்களா, எனக்கு ஒரு கோப்பி தர முடியுமா, உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னியுங்கள் என்று நாள்தவறாமல் மரியாதைப் பேச்சு! எல்லாவற்றையும் சரியாகச் செய்வேன். மறுநாள் ‘இன்னும் பயிற்சி வேண்டும்’ என்று சிவப்பில் நிற்கும். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். நான் என்ன மரியாதை தெரியாமல் வளர்ந்தவளா? ஒரு மெசின் என்னைப் பார்த்து இப்படிச் சொல்வதா? ஆனாலும் அதை நம்பினேன். அதற்கு மூளை இருக்கிறதே! ‘பரீட்சைக்குத் தயார்’ என்று அது சொன்ன அன்றே இடம் பதிந்தேன்.

பரீட்சை நடத்திய பெண் பெரிய தோடு போட்டு, நல்ல சிரித்த முகத்தோடு இருந்தார். நேற்று உங்கள் வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது, வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறந்தேன். வணக்கம் வந்தது, மன்னியுங்கள் வந்தது, தயைகூர்ந்து கேட்பீர்களா என்பதும் வந்தது. நேற்று நடந்தது மட்டும் வரவில்லை. குழாய் உடைகிறது, தண்ணீர் வருகிறது, நான் கத்துகிறேன் என்றேன்.

“இப்போதா?” என்று அவர் கேட்டார்.

“இல்லை, நேற்று. நேற்றுத் தண்ணீர் வருகிறது. தயவுசெய்து.”

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே உறைந்து போனது. இத்தனை மாதம் படித்த எனக்கு, நடந்து முடிந்த ஒரு சின்ன விசயத்தைச் சொல்லத் தெரியவில்லை! வெளியே வந்து, எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்றே தெரியாமல் எங்கேயோ போய் இறங்கினேன்.

புள்ளி வந்தபோது பேயறைந்தவள் மாதிரி இருந்தேன். படுதோல்வி. அடுத்த இடம் செப்ரெம்பரில்தான் கிடைத்தது. அதுவும் போனால் அவ்வளவுதான். மறுநாள் வேலைக்குப் போக மனமில்லை. கடைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, போர்வையால் தலையை மூடிக்கொண்டு பேஸ்மென்டில் கிடந்தேன்.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்ரி கோயிலுக்குப் போகிறார். வீடு அமைதியானது. கொஞ்ச நேரத்தில், கூரையில் சூடு வருகிற கம்பித் துவாரத்துக்குள்ளால் ஒரு குரல் இறங்கி வந்தது.

“பிராவோ, மயூரி!”

எழும்பி இருந்துவிட்டேன். லூமியின் குரல். நானோ கீழே படுத்துக் கிடக்கிறேன். அப்படியானால் மேலே இருக்கிற மயூரி யார்? அடுத்து ஓர் ஆண்குரல் கேட்டது. கடகடவென்று பிரெஞ்சு. தடங்கல் இல்லை, யோசனை இல்லை, நேற்றைய கதையொன்று ஆறு மாதிரி ஓடுகிறது. மயிர்க்கூச்செறிந்தது எனக்கு. இந்த வீட்டில் பிரெஞ்சுக்காரன் எங்கிருந்து வந்தான்? கள்ளன் வந்தாலும் இருந்து பாடமா படிப்பான்? பயத்தில் கையில் அகப்பட்ட குடையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

குசினி மேசையில் வீரக்குட்டி அங்கிள். இஸ்திரி போட்ட சேர்ட், வாரிய தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. பாண் பெட்டியில் சாய்த்து வைத்த டப்லெட்டைப் பார்த்து, “வுயி, வுயி” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“அங்கிள்!”

திடுக்கிட்டுத் திரும்பினார். “மகள், நீ வேலைக்குப் போகேல்லையா?”

“நீங்கள் என்ன செய்யிறீங்கள்?”

“கார்ட் அடிக்கிறன்,” என்றார், தேத்தண்ணி குடிக்கிறேன் என்பது போல.

“என்ன கார்ட் அங்கிள்?”

“நீ அங்கால வெளிக்கிட, இஞ்சால இது மணி அடிச்சு உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிடும். ஆளைக் காணேல்லையெண்டு மேல எழுதிப் போட்டானெண்டா என்ன செய்யிற? இமிக்ரேசன் அலுவலெல்லோ? அதான் நீ வாற வரைக்கும் நான் அடிச்சு விடுறன். கவனமாத்தான் புள்ள செய்யிறன். நல்லாச் செய்தா உனக்குத்தானே புள்ளி.”

“எத்தினை நாளா?”

“நீ தொடங்கின அடுத்த நாளிலயிருந்து. ஒரு நாளும் விடேல்ல,” என்றார். அந்த முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க வேண்டும்!

“உங்களுக்கு எப்பிடிப் பிரெஞ்சு தெரியும்?”

“மொன்றியல்ல பெட்டி மடிச்சன்தானே. மத்தியானம் சாப்பிடேக்க அவனவன் முதல் நாள் நடந்த சண்டையெல்லாம் பிரெஞ்சில சொல்லுவான். கேட்டுக் கேட்டு அது காதில ஏறிட்டுது. இந்த மரியாதைப் பேச்சுத்தான் எனக்கு ஒரு இழவும் விளங்குதில்ல. ஆலையில ஆர் புள்ள மரியாதையாக் கதைச்ச?”

அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. குடையைக் கீழே போட்டேன். அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குத் தெரியும் என்று லூமி விட்டுவிட்டது. அவருக்குத் தெரியாததையெல்லாம் என் தலையில் கட்டியது. மாதக்கணக்காக இந்த மனுசனின் மரியாதைக் குறைவுக்கு நான் மாரடித்திருக்கிறேன்!

“அது இமிக்ரேசன் இல்லை அங்கிள்! அது வெறும் பாடம் படிக்கிற அப். ஒருத்தரும் எங்கயும் எழுதமாட்டினம். உங்களாலதான் நான் ஃபெயில். என்ர வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டிட்டீங்கள்!”

நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போடவில்லை. “ஃபெயிலா?” என்று மட்டும் கேட்டார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் என்னைச் சுட்டது. ஆனாலும் கோபம் விடவில்லை. “அந்தச் சனியனை நீங்களே வச்சிருங்கோ!” என்று டப்லெட்டைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கைத்தொலைபேசியில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தேன். லூமி என்னைச் சோதித்துப் பார்த்து, ஆரம்ப நிலை என்றது. அதிர்ச்சியில் அழக்கூட முடியவில்லை. வேலை முடிந்து நூலகத்துக்குப் போய், கதவு பூட்டும்வரை இருந்தேன். இப்போது அது என்னைத்தான் பார்த்தது. நான் தடுக்கிய இடத்தில் நின்றது, அடுத்த நாளும் அங்கேயே கூட்டிக்கொண்டு போனது. மரியாதையை இரண்டே நாளில் விட்டுவிட்டது. அங்கிளோ நான் வரும் சத்தம் கேட்டால் குசினியிலிருந்து எழும்பிப் போய்விடுவார். அன்ரிதான் இடையில் நின்று புறுபுறுப்பார்: “ரெண்டு பேருக்கும் மூஞ்சி நீண்டது காணும், வந்து சாப்பிடுங்கோ.”

செப்ரெம்பர் வந்தது. பரீட்சைக்குப் போகும் பஸ்ஸில், பயத்தை மறக்கவென்று மின்னஞ்சலைத் திறந்தேன். லூமியிடமிருந்து ஒன்று, என் பழைய கணக்குக்கு. ‘வாழ்த்துகள் மயூரி! ஒரு நாளும் தவறாமல் இருநூறு நாள்!’

அட கடவுளே. இந்த மனுசன் இன்னும் நிறுத்தவில்லை! இவ்வளவு சொல்லியும், கத்தியும், காலையில் தலைவாரிக்கொண்டு போய் இருந்து எனக்குக் கார்ட் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண்ணீர் வந்தது, பக்கத்தில் இருந்த சீனத்துப் பெண்மணி ஒரு ரிஷ்யூக் கடதாசியை நீட்டினார்.

பரீட்சை அறையில், அண்மையில் உங்களைத் திகைக்க வைத்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். துவாரத்துக்குள்ளால் குரல் வந்தது, நான் குடையை எடுத்தேன், படியேறினேன், கத்தினேன், அவர் கண்ணாடியைத் துடைத்தார். எல்லாம் நடந்து முடிந்ததாகவே சொன்னேன். இந்த முறை பரீட்சகர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “பிறகு?” என்று கேட்டார்.

மயிரிழையில் தேறினேன். பெர்மிட் முடிய முன் அழைப்பும் வந்தது. தொலைபேசியோடு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினேன். அன்ரி என்னைக் கட்டிப்பிடித்து அழுது குழறினார். அங்கிள் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து நின்றார்.

“அப்ப சரி மகள். இனிக் கார்ட் அடிக்கத் தேவையில்லத்தானே,” என்றார். டப்லெட்டைச் சார்ஜிலிருந்து கழற்றி, வயரை மெதுவாகச் சுற்றி என்னிடம் நீட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நாளைக் காலையில் சேர்ட்டை இஸ்திரி போட்டு இந்த மனுசன் எங்கே போவார்?

டப்லெட்டை வாங்கி, என் பெயரை அழித்து, வேறொன்றை எழுதி, திரும்ப மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் எனக்கு லீவு. கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். துவாரத்துக்குள்ளால் மணி கேட்டது. பிறகு லூமி, பிரெஞ்சுக்கார நாக்கால் கடித்துக் குதறி, ஆனாலும் விளங்கும்படி கூப்பிட்டது: “வீரக்குட்டி? வீரக்குட்டி, எங்கே நீங்கள்?”

மேலே நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது.

“கோணேஸ்! கோணேஸ், இஞ்ச ஓடி வா! இது என்னையெல்லோ கூப்பிடுது!”