வெயிலில் நிறுத்திய வேன்

என் கணவர் வேன் ஓட்டியவர். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளிலிருந்து மின்சாரப் பெட்டிக்கான பியூஸ் கேரியரும் பொம்மையும் வைக்கோல் வைத்துக் கட்டி ஏற்றிக்கொண்டு ஈரோடு, மதுரை, பெங்களூரு என்று போய்வருவார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் தங்க மாட்டார். அப்படிப்பட்டவரைச் சிறுநீரகக் கோளாறு ஒரே அறைக்குள் உட்கார வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, வீட்டிலேயே செய்யும் முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு லிட்டர் மருந்து நீர் உள்ள பையைக் கொக்கியில் மாட்டி வயிற்றுக்குள் இறக்க வேண்டும். அது அங்கேயே கிடந்து கழிவை இழுத்துக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. அறையில் தூசி ஆகாது. மாற்றும்போது ஃபேன் ஓடக்கூடாது. பை உடம்புச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஜில்லென்று இறங்கினால் வயிற்றை இழுத்துப் பிடிக்கும். அதற்கென்று கரண்ட்டில் சூடேறும் உறை ஒன்று வாங்கியிருந்தோம். ரத்தம் ஊறுவதற்கான ஊசி மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத இடத்துக்கு அவரால் போக முடியாது என்று ஆகிவிட்டது.

தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளுக்குக் குழந்தை பிறந்தபோதும் போகவில்லை. தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வரும் நிலையிலும் நான் இல்லை. பேரனைப் போனில்தான் பார்த்தோம். அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

“ஞானஸ்நானத்துக்கு நீயாவது போயிட்டு வா” என்றார்.

“உங்கள வுட்டுட்டா? சும்மா இருங்க” என்றேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் மங்கலம்பேட்டை பாய் எங்களைப் பார்க்க வந்தார். வளைகுடாவில் பல வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். எங்கள் வேனுக்கு எப்போதும் அவர்தான் வயரிங் பார்ப்பார். வாசலில் தூசி படிந்து நின்ற வேனைக் காட்டி, “ஏண்ணே இத வித்துடலாமில்ல?” என்று கேட்டார். இவர் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாயில் வந்துவிட்டது.

“பாய், இந்த வண்டிக்குள்ள ஒரு ரூமு பண்ண முடியுமா? கரண்ட்டோட?”

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அங்க அரபிங்க பாலைவனத்துல போயி வண்டியிலயே தங்குவாங்க அண்ணி. மேல ரெண்டு சோலார் பேனலு, கீழ ஒரு லித்தியம் பேட்டரி. நடுவுல ஒரு டப்பா; அது வெயில அளந்து பேட்டரிக்கு ஊத்தும். பண்ணிடலாம்.”

வேனின் பின்பக்கம் முழுவதும் கழுவி வெள்ளை அடித்தோம். தரைக்குத் துடைத்தால் பளிச்சென்று ஆகும் விரிப்பு, ஒரு கட்டில், கை கழுவத் தொட்டி, பை மாட்டக் கொக்கி, காரில் வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ். கூரை மேல் பேனல்கள் ஏறின. கொக்கி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று இவரே வந்து நின்று காட்டினார். டாக்டரும் மெதுவாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

முதல் ஒரு வாரம் வாசலிலேயே வைத்துப் பழகினோம். அவர் வண்டியை எடுத்ததும் நேராக வேப்பமரத்து நிழலில் கொண்டுபோய் நிறுத்துவார். பாய் தலையில் அடித்துக்கொள்வார். “அண்ணே, வெயில்ல போடுங்க, வெயில்ல!” நிழல் தேடியே வண்டி ஓட்டிய மனிதருக்கு அது கொஞ்ச நாள் வரவே இல்லை. வெயிலில் நிறுத்தினாலும் பேனல்கள் கூரையை மறைத்ததால் உள்ளே அவ்வளவு தகிக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பினோம். ஐப்பசி மாதம். கிளம்புவதற்கு முன்பே வானம் மூடிக்கொண்டது. பேட்டரி முழுசாக ஏறியிருக்கவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஏறுவதற்கான இணைப்பைப் பாய் அடுத்த முறை வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். தொழுதூர் போய் நெடுஞ்சாலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வைப்பர் அடிக்க அடிக்க, எந்த ஊரில் எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார், ஒன்றையும் இப்போது சாப்பிட முடியாது என்றாலும்.

விராலிமலை தாண்டி, மத்தியானப் பை மாற்ற ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரமாக நிறுத்தினோம். சூடேற்றும் உறையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பாயின் டப்பா கீச்கீச்சென்று கத்தியது. பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஃபிரிட்ஜா, உறையா, ஒன்றுதான் ஓடும். ஊசி மருந்து கெட்டுப்போனால் மறுபடி வாங்க அலைய வேண்டும். உறையை அணைத்தேன். பங்க்கில் கேட்டால் அங்கேயும் கரண்ட் போயிருந்தது. வண்டிகளுக்குப் பெட்ரோல் போடும் மெஷின் மட்டும்தான் ஜெனரேட்டரில் ஓடியது.

பையைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

“அப்பிடியே போடு, தாங்கிக்கிறேன்” என்றார்.

“ஒண்ணும் வேணாம், படுங்க.”

பிளாஸ்டிக் மேலுறையைப் பிரிக்காமல் அந்தப் பையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்து, மேலே புடவையையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் போர்வையையும் கொண்டுவந்து என் தோளில் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அப்போதிருந்த வேனில் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். அதன் பிறகு நாங்கள் இருவர் மட்டும் இவ்வளவு நேரம் வெளியில் சேர்ந்து இருந்ததில்லை.

பை வெதுவெதுப்பானதும் கை கழுவி, மாஸ்க் கட்டி, மாட்டினேன். நீர் இறங்குவதை அவர் முகத்தில் தேடினேன்.

“குளுருதாங்க?”

“இல்ல” என்றார். “உன் சூடுதான் இருக்குது.”

இருட்டும்போது பங்க்கில் கரண்ட் வந்தது; உறைக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒயர் இழுத்து, ராத்திரி அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை மதுரை தாண்டியதும் வெயில் அடித்தது. அவர் தானாகவே வண்டியை ஓரங்கட்டி, மரம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்ததும் இறங்கி நின்று பேனலைப் பார்த்துக் கும்பிடாத குறைதான்.

தூத்துக்குடியில் மகள் வீடு கடலுக்குக் கிட்டே. மருமகனோடு அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒன்றாக இருக்கிற, மணல் ஏறிய சின்ன வீடு. அங்கே அவருக்குத் தனி அறைக்கு வழியில்லை. நாங்கள் வாசலில் வேனிலேயே தங்கினோம். முதல் தடவை பை மாற்றும்போது மகளும் மாஸ்க் கட்டிக்கொண்டு உள்ளே வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். “இவ்ளோ நாளு ஒடம்பு சரியில்லன்னு மட்டும் போன்ல சொல்லிட்டு இதத்தான் மறைச்சீங்களா?” என்று அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஞானஸ்நானம் முடிந்து வந்ததும் வீட்டில் புழுக்கம் தாங்காமல் குழந்தை வீறிட்டது. விருந்துக் கூட்டம் வேறு. அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டு வேனுக்குள் போய்க் கட்டிலில் போட்டார். நான் சின்ன ஃபேனைப் போட்டேன்.

“மூஞ்சில அடிக்குது பாரு, கொஞ்சம் திருப்பு” என்றார்.

திருப்பினேன். குழந்தை தூங்கிவிட்டது. அவரும் அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, அது மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்துக்கு மகள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். நாங்கள் போகவில்லை.