நண்பனுக்கு மட்டும் பேப்பர் பிளேட்

லண்டன் செவன் கிங்ஸில் தங்கச்சி வீட்டில் அவள் மகளின் பிறந்தநாள். என்னோடு வேலை செய்யும் செனகல் நாட்டு நண்பனையும் அழைத்துப் போயிருந்தேன். எல்லோருக்கும் பீங்கான் தட்டில் சோறு வந்தது. அவனுக்கு மட்டும் பேப்பர் பிளேட்.

"பிளேட் முடிஞ்சுதோ?" என்று தங்கச்சியிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கணவர்தான் சிரித்தார்.

"உவையள் சாப்பிட்ட பிளேட்டில பிறகு நாங்கள் சாப்பிடுறதோ, மச்சான்? பேப்பர் பிளேட்டெண்டா எறிஞ்சுபோட்டு இருக்கலாம்."

நாலுபேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆனால் லண்டனுக்கு வரும் வழியில் காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்ட் என்னைக் கைவிட்டு ஓடியபோது, இந்த நண்பனின் நாட்டில்தான் ஒரு கிராமத்துக் குடும்பம் என்னை வைத்துச் சோறு போட்டது. அங்கே தனித் தட்டே கிடையாது. ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி இருந்து, அவரவர் பக்கத்தில் அள்ளிச் சாப்பிட வேண்டும். நடுவில் இருக்கும் மீனை வீட்டுக்காரி கையால் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பாள். அவளுடைய பிள்ளைகளுக்குப் பல நாள் வெறும் சோறுதான் மிஞ்சும்.

"அகதியா நிண்ட எனக்கு அவையள் புறம்பாப் பிளேட் வைக்கேல்லை, மச்சான்!" குரல் உயர்ந்துவிட்டது.

"பிள்ளையின்ர பார்ட்டியில என்ன பிரசங்கம்? இருந்து சாப்பிடும்."

"ஏலாது."

தங்கச்சி ஒரு பீங்கான் தட்டோடு ஓடி வந்தாள். பிந்திவிட்டது. தமிழ் தெரியாவிட்டாலும் நண்பனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அவன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நானும் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவனோடு வெளியேறினேன். அந்த வீட்டுக்கு இன்றுவரை நான் போகவில்லை.