வெட்டுத் துணி

கோட்டுச்சேரி கடைத்தெருவைத் தாண்டி, காரைக்கால் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். தையல் மிஷினின் தலையைக் கழற்றி, துண்டைச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு மாமா முன்னால் போனார். நான் மஞ்சள் பையோடு பின்னால் போனேன். பைக்குள் கத்தரிக்கோல், நூல்கண்டுகள், மீந்துபோன துணித் துண்டுகள், முடிக்காத ஒரு நாற்காலி. நாற்காலி என்றால் என் சுண்டுவிரல் உயரம். நல்ல வெயில். இரண்டு பஸ்கள் கடந்து போயின. மாமா கை காட்டவில்லை. பஸ்ஸுக்குள் தெரிந்தவர்கள் இருப்பார்கள். மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்பார்கள்.

எனக்குப் பசித்தது. நாங்கள் வேலை செய்த வீட்டில் அன்று காலை எங்களுக்கு இட்லி போடுவதாக இருந்தது. அதற்குள் துரத்திவிட்டார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

காவிரியில் தண்ணீர் வராத வருடங்கள் அவை. நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் ஊரில் வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்தது. நடவு இல்லை, அம்மாவுக்கு வேலை இல்லை. திருப்பூருக்குப் போகிறேன் என்று கிளம்பிய அப்பா அதோடு சரி. அம்மா என்னை ஆறாவதோடு நிறுத்தி, காரைக்காலில் தையல்காரராக இருந்த தன் தம்பியிடம் கொண்டுவந்து விட்டாள். "ரெண்டு வேளை சோறு போடு, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். மாமாவுக்கும் கடை என்று ஒன்று கிடையாது. ஒரு மளிகைக்கடையின் ஓரம்தான். மழை பெய்தால் மிஷினுக்கு மட்டும்தான் அங்கே இடம்.

கோட்டுச்சேரி வீட்டம்மாவின் குடும்பத்துக்கு பிரான்ஸ் தொடர்பு உண்டு. மாமனார் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மருமகனுக்கு பாரீசில் வேலை. ஒரே மகள். புருஷனிடம் போவதற்கான காகிதங்கள் வருவதற்குள் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனாள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அதைக் கூட்டிப்போக மருமகன் வருகிறார் என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. தங்கள் வீட்டைப் போலவே ஒரு சின்ன வீடு செய்து குழந்தையோடு அனுப்ப வேண்டும். ஒரு தச்சர் முற்றமும் மாடியும் வைத்துத் தேக்கில் வீட்டைச் செய்து கொடுத்துவிட்டார். உள்ளே போட வேண்டிய சாமான்களும் ஆட்களும் ஆட்களின் உடுப்பும்தான் பாக்கி. கூடத்துச் சுவரில் பிரெஞ்சுக்காரன் காலத்து போட்டோ ஒன்று தொங்கியது. ஒரு பெரியவர் நீளக் கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கழுத்து மூடி, கை உப்பிய ரவிக்கையோடு நின்றாள். பொம்மைகளுக்கு அதே உடுப்பு வேண்டும் என்றார் அந்த அம்மா.

துணி, மரம் இரண்டையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மாமா ஒப்புக்கொண்டார். வாசல் பக்கம் பூட்டிக் கிடந்த ஓர் அறையை, வேலை மனசுக்குப் பிடித்தால் தையல் கடைக்கு விடுவதாக அந்த அம்மா சொல்லியிருந்தார். வேலை முடியும்வரை மிஷினை அந்த வீட்டின் பின்கட்டிலேயே போட்டுக்கொண்டோம்.

"மருமவனே, இந்த வீடு அந்தம்மாவுக்குப் புடிச்சா நமக்கு ஒரு வீடு. நீ உள்ளயே படுத்துக்கலாம், தொழிலும் கத்துக்கலாம். புடிக்கலேன்னு வையி, நீ ஒங்கம்மாகிட்ட பஸ் ஏறு. நான் மொளகா மூட்டைக்கும் புளி மூட்டைக்கும் நடுவுல கெடக்கேன்" என்றார் மாமா.

அம்மாவிடம் போனால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நன்றாகவே வேலை செய்தேன்.

கட்டில், ஊஞ்சல், சாய்வு நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் அந்த வீட்டிலேயே அளந்தேன். மாமா சொன்ன கணக்கு எளிமையானது. பெரியதில் ஒரு சாண் என்றால் சின்னதில் ஒரு விரற்கடை. "ஒன் சாணுன்னா ஒன் வெரலு. என் சாணுக்கு ஒன் வெரல வச்சே, கட்டில்ல ஆளு கால மடக்கிக்கிட்டுத்தான் படுக்கணும்." மீன்பெட்டிப் பலகைதான் மரம். நாற்றம் போக வெயிலில் காயப்போட்டு, பழைய மரத்தின் நிறம் வர டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊஞ்சலுக்கு அறுந்த கவரிங் செயின். நாற்காலிப் பின்னலுக்கு மெழுகு தடவிய நூல். அலமாரிக் கண்ணாடி ஒரு பாவாடையிலிருந்து பிரித்தது.

துணி வேலைதான் மாமாவைப் படுத்தியது. மிஷின் தையல் பொம்மையின் கையில் ஏணிப்படி மாதிரி தெரிந்தது. கையால் தைத்தாலும் அப்படித்தான். "ஆளு சின்னதானா தையலும் சின்னதாவணும்டா. அதுக்கு எறும்பத்தான் வேலைக்கு வைக்கணும்" என்று பிரித்துப் பிரித்துத் தைத்தார். கடைத் துணி பொம்மைக்கு உதவாது. அட்டை மாதிரி விறைத்து நிற்கும். துவைத்து நைந்த மல் துணியும், மெல்லிய பட்டும்தான் உடம்போடு படியும். அவற்றை மாமா எங்கிருந்தோ மூட்டையாகக் கொண்டுவருவார். பூந்திக்கொட்டை போட்டு அலசுவார். பழைய தையல் ஒன்று விடாமல் பிரித்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். என்ன துணி மாமா என்று கேட்டால் "வெட்டுத் துணி" என்று சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். மில்லில் வெட்டி விழுந்த துண்டு என்று நினைத்துக்கொண்டேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

எல்லாம் முடிகிற நேரத்தில் அந்த அம்மா இன்னொரு பொம்மை கேட்டார்.

"கொழந்தைக்கு அவ அம்மா மாதிரி ஒண்ணு வேணும்ப்பா. நல்லதா ஒரு பொடவை கட்டி விடு."

மாமா மூட்டையிலிருந்து அரக்குப் பட்டு ஒன்றை எடுத்தார். புடவையின் உள்முனையை மடித்து யாரோ கையால் ஓரம் தைத்திருந்தார்கள். அரக்குப் பட்டில் பச்சை நூல். மாமா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பார்றா இத. ஒவ்வொண்ணும் கடுகுல பாதி இல்ல. பொம்மைக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு. இத எவன் பிரிப்பான்?"

அந்த ஓரம் கீழே வரும்படி ஒரு துண்டை வெட்டி, கொசுவம் வைத்துப் பொம்மைக்குக் கட்டினார். நாங்கள் செய்ததிலேயே அதுதான் அழகு. தன் தையல் இல்லாத அந்த ஒன்றைத்தான் மாமா திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன் வந்து, குழந்தையோடு கிளம்பும் நாளும் வந்தது. காலையில் கூடத்தில் சின்ன வீட்டை வைத்து, சாமான்களைப் போட்டு, ஆட்களை அங்கங்கே நிறுத்தினோம். குழந்தை ஊஞ்சலைத் தொடவில்லை, தலைப்பாகைக்காரரைத் தொடவில்லை. நேராக அரக்குப் புடவைப் பொம்மையை எடுத்துக்கொண்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே குனிந்து, "எங்க, காட்டு" என்று வாங்கினார். புடவையை நீவினார். நகம் ஓரத்தில் நின்றது.

"இந்தத் துணி ஏதுப்பா?"

"கும்பகோணத்துலேர்ந்து வரவழைச்சதும்மா. வெட்டுத் துணி."

"ஓரம் நீ தைச்சதா?"

"ஆமாம்மா."

"எதுக்கு பச்சை நூலு?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஊஞ்சலின் செயினைச் சரிசெய்தார்.

"அரக்கு நூலு தீந்துபோச்சு. கடைக்கு அனுப்ப ஆளில்ல. பச்சையில தைச்சேன்" என்றார் அந்த அம்மா. "கொழந்த காதுகுத்துக்கு எம்மவ கட்டிக்கட்டும்னு எடுத்தது. கட்டவேயில்ல. நாந்தான் கோடியா போத்திவிட்டேன். அவளோடயே போயிடுச்சுன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்."

குரல் ஏறவே இல்லை. உள்ளேயிருந்து மருமகன் "என்ன அத்தே?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. நல்லா தைச்சிருக்கு. அதச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

எனக்கு அந்த வார்த்தை போதும். பூட்டிய அறையின் கதவை எட்டிப் பார்த்தேன். பாயை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அந்த அம்மா பொம்மையின் புடவை ஓரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கோயிலில் கொடுத்த பூவை ஒற்றிக்கொள்வது போல. பிறகு அதைக் குழந்தையிடமே நீட்டினார்.

"இந்தா. இது ஒங்கம்மா பொடவை. தொலைச்சிடாத."

"ஏன் அம்மாச்சி இவ்ளோ சின்னதா இருக்கு?"

"தொவைச்சாங்க. சுருங்கிப்போச்சு."

குழந்தை போனதும் மாமாவின் பக்கம் திரும்பினார். "மிஷினைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு. இந்தத் தெருவுல ஒன் நெழலு விழக்கூடாது." அதையும் மருமகனுக்குக் கேட்காத குரலில்தான் சொன்னார்.

வழியில் ஒரு மதகின் மேல் மாமா மிஷினை இறக்கினார். என்னிடமிருந்து பையை வாங்கி, கத்தரிக்கோலையும் நூல்கண்டுகளையும் எடுத்துக்கொண்டு மற்றதை வாய்க்காலுக்குள் உதறினார். தண்ணீர் இல்லாததால் துணித் துண்டுகள் எங்கும் போகவில்லை. என் நாற்காலியும் அவற்றோடு கிடந்தது. நான் இறங்கி எடுக்கவில்லை.

"வெட்டுத் துணின்னா என்னான்னு தெரியுமாடா?" என்றார். "வெட்டியான் குடுக்கற துணி."

பிணத்தின் மேல் கிடக்கும் பழைய துணிகளையும் போர்த்துகிற கோடிகளையும் சுடுகாட்டில் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள், அதெல்லாம் வெட்டியானுக்குத்தான் என்று எனக்கு விளக்கினார். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பாடையோடு கிளம்பிய புடவை அங்கே என்ன ஆகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை.

"யாரு வீட்டுத் துணின்னு நான் கேக்கறதில்ல. அவனும் சொல்றதில்ல. கேட்டா தைக்க முடியுமா?"

எனக்கு அருவருப்பு வரவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அது ஆகாத துணி என்றால் குழந்தையிடம் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? ஆகும் துணி என்றால் எங்களை ஏன் விரட்டினார்கள்? இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்? மாமாவிடம் கேட்டேன். "வாய மூடிக்கிட்டு வா" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "நல்லா தைச்சிருக்குன்னுதான சொன்னாங்க?" என்று அவரே என்னிடம் கேட்டார்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஒரு பன் வாங்கிக் கொடுத்து, நெடுங்காடு போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மிஷினோடு அவர் திரும்பி நடந்ததும் நான் பின்வாசல் வழியாக இறங்கிவிட்டேன். அம்மாவிடம் போனால் அவளுடைய ஒரு வேளையையும் நான்தான் பங்கு போடுவேன். அன்று ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டேன். மாமாவை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை படகுகள் கரைக்கு வரும் பக்கம் போனேன். ஐஸ் கம்பெனி வாசலில் ஐஸ்கட்டி இழுக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என் தோளைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய ஒரு கம்பளிச் சட்டையை எடுத்து என் மேல் வீசினார். நான் அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். முரட்டு மிஷின் தையல்.

"யாருதுண்ணே இது?"

"போட்டிருந்தவன் இப்ப இல்ல. குளுரு தாங்கும், போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். முழங்கால்வரை தொங்கியது. கைகளை மடித்துவிட்டுக்கொண்டு முதல் கட்டியை இழுத்தேன்.